மஞ்சளை மிதி
கடையநல்லூரில் நாய்க்குத் தடையோட்டம் பழக்க விரும்பும் பெரியவர்களுக்கு ஒரு கையேடு

முதலில் ஒரு நாய் வேண்டும். இதை எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது. பெரும்பாலானவர்கள் முதலில் பிவிசி பைப்தான் வாங்குகிறார்கள்.

காரியம் வழக்கமாக இப்படித் தொடங்கும். பெங்களூரிலோ ஷார்ஜாவிலோ இருக்கும் மகன் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்புவான். பச்சைப் புல்தரை. கறுப்பும் வெள்ளையுமான ஒரு நாய் கம்புகளைத் தாண்டுகிறது, குழாய்க்குள் புகுந்து மறுபக்கம் வருகிறது, நட்டு வைத்த குச்சிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது. கூடவே ஒரு அம்மாள் ஓடுகிறார். முக்கால் நிமிஷத்தில் எல்லாம் முடிந்து கைதட்டல். கீழே மகனின் வாசகம்: "அப்பா, நம்ம ராஜாவுக்கும் இதப் பழக்குங்க. உங்களுக்கும் வாக்கிங் போன மாதிரி இருக்கும்." ராஜா என்பது கொரோனா ஊரடங்கில் அவன் ஆசைப்பட்டு வாங்கி, ஆபீஸ் திறந்ததும் உங்கள் திண்ணையில் விட்டுப்போன ஜீவன். அவன் அனுப்பிய வாசகத்தில் இரண்டாவது வரிதான் உண்மை நோக்கம். டாக்டர் சொல்லியும் நீங்கள் நடக்கவில்லை. நாய் சொன்னால் ஓடுவீர்கள் என்று நினைக்கிறான்.

அந்த விளையாட்டுக்கு அஜிலிட்டி என்று பெயர். 1978 பிப்ரவரியில் லண்டன் ஒலிம்பியா அரங்கில் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சி நடந்தபோது, இரண்டு போட்டிகளுக்கு நடுவில் கூட்டம் கலையாமல் இருக்க ஏதாவது காட்ட வேண்டியிருந்தது. கமிட்டியில் இருந்த ஜான் வார்லி, பீட்டர் மீன்வெல் என்ற பயிற்சியாளரைப் பிடித்தார். இருவருமாகக் குதிரைகள் தடை தாண்டும் பந்தயத்தை நாயின் உயரத்துக்கு இறக்கி அரங்கில் விட்டார்கள். நம்மூர்க் கொடையில் வில்லுப்பாட்டுக் குழு வந்துசேரத் தாமதமானால் கையில் அகப்பட்டவரை மேடையேற்றி ஒப்பேற்றுவது போல ஆரம்பித்த சங்கதிதான். 1980இல் பிரிட்டனின் கென்னல் கிளப் அதை முறையான போட்டியாக ஏற்றது. 1996இல் சுவிட்சர்லாந்தின் மோர்ஜ் நகரில் உலகப் போட்டியே நடந்தது. ஒப்பேற்ற வந்தவர் ஊரிலேயே வீடு கட்டிக் குடியேறிவிட்டார்.

நம் பக்கத்தில் நாய் தடை தாண்டுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் பெரும்பாலும் போலீஸ் நாயைத்தான் பார்த்திருப்பார்கள். குவாலியர் அருகே தேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படைக்கு 1970 முதல் நாய்ப் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே தடை தாண்டுவது உத்தியோகம். நீங்கள் செய்யப்போவது விளையாட்டு. வேலை பார்க்கும் நாய்க்குச் சம்பளக்காரர் ஒருவர் கூடவே ஓடுகிறார். உங்கள் நாய்க்கு நீங்கள்தான்.

நாய் எது என்பதைப் பார்த்துவிடலாம். மதுரை ரோட்டில் புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி தாண்டிப் போனால் ராஜபாளையம். வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்குமாக அந்த ஊர் நாய் 2005 ஜனவரியில் அஞ்சல் தலையிலேயே ஏறிவிட்டது. இமயமலை ஆட்டு நாய், ராம்பூர், முதோல் ஆகியவற்றோடு நாலில் ஒன்றாக. சிப்பிப்பாறையும் கன்னியும் நம் கரிசல் பக்கத்துப் பிறவிகள். 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் இவற்றின் பெயரைச் சொன்னதிலிருந்து விலையும் ஏறிவிட்டது. இந்த நாய்கள் ஓடும் அழகைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். ஆனால் இவை கண்ணால் வேட்டையாடும் சாதி. தூரத்தில் ஒன்று அசைந்தால் அதன் பின்னால் போகும். உங்களிடம் கேட்டுக்கொண்டு போகாது. தலைமுறை தலைமுறையாக இவற்றை வளர்த்ததே வேட்டைக்கு. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்த வேலையும் இல்லை. ஆக உங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை, தொழில் தெரிந்தும் தொழில் செய்ய அனுமதியில்லாத ஒரு கைதேர்ந்த வேலையாள். அதனிடம் போய் "இந்தக் கம்பைத் தாண்டு, பிறகு அந்தக் கம்பைத் தாண்டு, கடைசியில் எதுவும் கிடையாது" என்று சொன்னால் அது உங்களைப் பார்க்கும் பார்வையை நீங்கள் தாங்கிக்கொள்ள வேண்டும்.

வீடியோவில் வந்தது பார்டர் காலி. ஆடு மேய்க்கும் சாதி. ஆள் என்ன சொல்கிறான் என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டது. அதோடு நம் நாயை ஒப்பிட்டு நாயைத் திட்டுவது நியாயமில்லை. பக்கத்து வீட்டுப் பையன் எடுத்த மதிப்பெண்ணைச் சொல்லித் திட்டி நாம் வளர்த்த பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். ஷார்ஜாவில்.

ராஜபாளையம் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். அந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம்: காது கேட்கவில்லை, அல்லது கேட்டும் மதிக்கவில்லை. ஈரல் பொட்டலத்தைப் பின்னால் பிரித்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும் என்பார்கள். அது தவறான சோதனை; மூக்கு காதை விட வேகமாக வேலை செய்யும். காது கேளாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். இந்த விளையாட்டில் வாய்க்கு வேலை குறைவு. நாய் பார்ப்பது உங்கள் தோளையும் காலையும்.

இதனால்தான் உடை முக்கியமாகிறது. மடித்துக் கட்டிய சாரத்தோடு ஓடக் கூடாது. காரணம் மானம் மட்டும் என்று எண்ண வேண்டாம். போட்டியில் ஃப்ரண்ட் கிராஸ் என்றொரு வித்தை இருக்கிறது. நாய் கம்பைத் தாண்டி அந்தரத்தில் இருக்கும்போதே நீங்கள் அதன் முன்னால் குறுக்கே புகுந்து, ஒரு சுழற்சி சுழன்று, இடப்பக்கம் வந்துகொண்டிருந்த நாயை வலப்பக்கத்துக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சுழற்சியில் சாரம் நெகிழும். நெகிழ்ந்தால் கை தானாக இடுப்புக்குப் போகும். கை போன பக்கம் தோள் சாயும். தோள் சாய்ந்த பக்கம் நாய் திரும்பும். அந்தப் பக்கத்தில் தடை எதுவும் இருக்காது. வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர்கள்தான் இருப்பார்கள். நாய் சரியாகத்தான் செய்தது. நீங்கள்தான் சாரத்தைப் பிடித்து "வலப்பக்கம் போ" என்று கட்டளையிட்டீர்கள். மகன் வைத்துவிட்டுப் போன டிராக் பேண்ட் பீரோவில் இருக்கும், எடுத்துப் போடுங்கள். நாடாவை இறுக்கிக் கட்டுங்கள்.

இடமும் நேரமும்: சர்வதேசப் போட்டி விதிப்படி 20 மீட்டருக்கு 40 மீட்டர் ஓடுகளம் வேண்டும். அதில் 15 முதல் 22 தடைகள். மொத்த ஓட்டம் 100 மீட்டரிலிருந்து 220 மீட்டர் வரை. கடையநல்லூரில் அப்படி இடம் கிடைக்காது என்று யாரும் சொல்ல முடியாது. பிசானம் அறுத்து முடிந்த வயல் பங்குனி, சித்திரை, வைகாசி முழுக்கச் சும்மாதான் கிடக்கும். கார் சாகுபடிக்குத் தண்ணீர் வரும்வரை யாரும் விரட்ட மாட்டார்கள். கிடைக்காரர் வந்து ஆட்டைப் பட்டி போட்டால் மட்டும் அன்றைக்குப் பயிற்சி இல்லை. முந்நூறு ஆடு ஒரு வயலில் நிற்க, பக்கத்து வயலில் உங்கள் நாய் வரிசையாகக் கம்பு தாண்டும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கையேட்டை இத்தோடு மூடிவிடலாம்.

வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாத சூட்டை அதன் பாதமும் பொறுக்காது. விடியற்காலையில் கிளம்பினால் தொழுகை முடித்து வருகிறவர்களும் போகிறவர்களும் எதிர்ப்படுவார்கள். கயிற்றைக் குட்டையாகப் பிடித்து ஓரமாக நில்லுங்கள். நாயின் ஈரமூக்கு ஒருவர் கைலியில் பட்டுவிட்டால், அவர் பாவம் திரும்பிப் போய்க் கழுவ வேண்டும். அவரோ உங்களுக்கு முப்பது வருஷப் பழக்கம். சாரல் மாதங்களில் தரை குளிர்ச்சியாக இருக்கும், நாய்க்கும் உற்சாகம். ஆனால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று சும்மா விடாது. ஆடிக் காற்றில் அம்மியே நகரும் என்று சொன்ன ஊரில் நீங்கள் பிளாஸ்டிக் பைப்பை நட்டு வைத்திருக்கிறீர்கள்.

இனி கூலி. ஆட்டு ஈரலை வேகவைத்துப் பொரிகடலை அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். பெரிய துண்டாகப் போட்டால் அது மென்றுகொண்டு நிற்கும்; ஓட்டம் மறந்துவிடும். சங்கரன்கோவில் பிரியாணி மிச்சமிருக்கிறதே என்று அதைக் கொண்டுபோகக் கூடாது. அதிலுள்ள வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு குத்தூசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். சாக்லேட், திராட்சை, உலர்ந்த திராட்சை எல்லாமே விஷம். பாயசத்தில் கிடக்கும் கிஸ்மிஸ் உட்பட.

ஈரல் எந்தக் காரியத்துக்குக் கிடைத்தது என்று நாய்க்குத் தெரிய வேண்டும். அதற்கு கிளிக்கர் என்றொரு சிறு கருவி விற்கிறார்கள். அழுத்தினால் டிக் என்கும். நாய் சரியாகச் செய்த அந்தக் கணத்தில் டிக், உடனே ஈரல். டால்பின் பழக்கிய கேரன் பிரையர் என்ற அமெரிக்க அம்மையார் இந்த முறையை நாய் வளர்ப்பவர்களிடையே பரப்பினார். கிளிக்கர் வாங்க மனமில்லாதவர்கள் பால்பாயிண்ட் பேனாவைப் பயன்படுத்தலாம். ரிட்டயர்டு ஆனவர் சட்டைப்பையில் எப்படியும் ஒன்று இருக்கும். ஒரு சங்கடம் மட்டும். சாயங்காலம் வீட்டில் பால் கணக்கு எழுத உட்காரும்போது நீங்கள் பேனாவை அழுத்த, நாய் எழுந்து வந்து எதிரே உட்காரும். ஈரல் கொடுத்தாக வேண்டும். டிக் கேட்டும் ஒன்றும் வரவில்லை என்று இரண்டு நாள் பழகிவிட்டால் அந்தச் சத்தத்தின் மதிப்பு போய்விடும். ஆச்சி சமையலறையிலிருந்து "இது யாரு யாரப் பழக்குது?" என்று கேட்பாள். பதில் சொல்ல வேண்டாம்.

இப்போது பயிற்சியின் மிகக் கடினமான பகுதிக்கு வருவோம். இதற்கு நாய் தேவையில்லை.

போட்டிக்கு முன்னால் நாயில்லாமல் ஆள் மட்டும் களத்துக்குள் போய்த் தடைகளின் வரிசையை நடந்து பார்க்க வேண்டும். சில நிமிஷங்கள்தான் தருவார்கள். எங்கே திரும்புவது, எங்கே கை காட்டுவது, எங்கே குறுக்கே புகுவது என்பதையெல்லாம் உடம்பிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுப் போட்டிகளில் ஐம்பது பேர் ஒரே நேரத்தில், இல்லாத நாய்க்கு வழிகாட்டியபடி, தங்களுக்குள் பேசிக்கொண்டு, காற்றில் கையை வீசித் திரும்பித் திரும்பி நடப்பார்கள். ஐம்பது பேர் செய்தால் அது விளையாட்டு. கடையநல்லூரில் அறுத்த வயலில், விடியற்காலையில், அறுபத்து மூன்று வயது மனிதர் ஒருவர் தனியாகச் செய்தால்?

முதலில் ஒரு பால்காரத் தம்பி சைக்கிளை நிறுத்துவார்.

"என்ன அண்ணாச்சி, ஏதும் தொலைஞ்சு போச்சா?"

"ஒண்ணுமில்ல தம்பி. நாய்க்கு வழி பாக்கேன்."

"நாய எங்க?"

"வீட்டுல கெடக்கு."

"பொறவு இங்க யாருக்குக் கையக் காட்டுதிய?"

"நாய்க்குத்தான்."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார். அதுதான் ஆபத்து. கேட்டுவிட்டுச் சிரிக்கிற ஊரில் ஒருவர் கேட்காமல் போகிறார் என்றால் செய்தி அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடும். பத்து மணிக்குள் சங்கரன்கோவிலிலிருந்து மைத்துனர் போன் செய்வார். சுகர் பார்த்தீர்களா, தூக்கம் எப்படி என்று சுற்றி வளைத்துப் பேசுவார். மத்தியானம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால், "ஆடித்தபசுக்குத்தான் போகணும்னு இல்ல, ஒரு எட்டுப் போயி புத்துமண்ணு பூசிட்டு வந்துருவோமே" என்று வீட்டில் பேச்சு எழும். சங்கரநாராயணர் கோயில் புற்றுமண் தோல் வியாதிக்கு என்றுதானே சொல்வார்கள் என்று நீங்கள் கேட்டால், எதுக்கும் கேக்கும் என்பார்கள். போய் வாருங்கள். மறுநாள் காலையில் நெற்றியில் திருநீற்றோடு அதே வயலில் அதே நடையை நடந்தால், சாமி ஏதோ உத்தரவு கொடுத்திருக்கிறது என்று ஊர் ஒதுங்கிவிடும். பிறகு தொந்தரவே இல்லை. வழி பார்த்து நடப்பதை மட்டும் கைவிடாதீர்கள். தடையை நாய் எப்படியும் கற்றுக்கொள்ளும். எந்தத் தடைக்குப் பிறகு எந்தத் தடை என்பது அதற்கு எந்தக் காலத்திலும் தெரியாது. போட்டிக்குப் போட்டி வரிசை மாறும். நீங்கள் மறந்தால் அதற்கும் மறந்தது.

கம்பு தாண்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய நாய்க்கு 55 முதல் 60 சென்டிமீட்டர் உயரம். ராஜபாளையத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை; தாண்டுவதா கடப்பதா என்பதுதான் அதன் யோசனை. கம்பு பட்டதும் விழ வேண்டும். கட்டி வைத்தால் நாயின் கால் முறியும். குட்டியைத் தாண்ட விடாதீர்கள். எலும்பு முற்றாத வயதில் குதித்தால் மூட்டு போய்விடும் என்பதால்தான் சர்வதேசப் போட்டியில் 18 மாதம் ஆகாத நாயைச் சேர்ப்பதில்லை. அதுவரை கம்பைத் தரையில் போட்டுக் கடக்கப் பழக்குங்கள். வீட்டில் பழக்குகிறேன் என்று இரண்டு செங்கல் மேல் வாரியலை வைத்தால் வீட்டுக்காரம்மா அந்த வாரியலோடு வருவார். அது வேறு பயிற்சி.

டயருக்குள் பாய்வது பார்க்க அழகாக இருக்கும். லாரி டயரின் உள்வட்டம் 20 அங்குலம், அதாவது ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். விதி கேட்கும் அளவுக்குள்தான் வருகிறது. டயர் கடையில் பழையது சும்மாவே கொடுப்பார்கள். ஆனாலும் வேண்டாம். போட்டி டயர் மோதினால் இரண்டாகப் பிரிந்து நாயை விட்டுவிடும்படி செய்யப்பட்டது. லாரி டயர் லாரியைத் தாங்கியது. உங்கள் நாய்க்காகப் பிரியாது.

குழாய்க்கு 60 சென்டிமீட்டர் விட்டம், 3 முதல் 6 மீட்டர் நீளம். ரோட்டடிக் குழாய்ப் பாலத்தில் பழக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் ஏற்கெனவே குடியிருப்பவை இருக்கலாம்; அவற்றுக்குக் கால் கிடையாது. துணிக் குழாய் வாங்குங்கள். உருளாமல் இரு பக்கமும் மணல் மூட்டை வையுங்கள். முதல் நாள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் நுழைந்து வந்த பிறகுதான் நாய்க்கு முறை கிடைக்கும். அதுவும் நல்லதுதான், நாய்க்கு நம்பிக்கை வரும். நாயை உள்ளே போகச் சொல்லிக்கொடுக்கக் கஷ்டமே இல்லை. வெளியே வரத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் மூன்று மீட்டர் நிழல் கிடைத்தால் யார்தான் வெளியே வருவார்கள்? மறுவாயில் மண்டியிட்டுக் குனிந்து ஈரலைக் காட்டி அழையுங்கள். மூட்டுவலி உள்ளவர்கள் முதலில் எழுந்திருப்பதற்கு ஒரு ஆளை ஏற்பாடு செய்துகொள்ளவும்.

பன்னிரண்டு கம்புகளுக்கு நடுவே நெளிந்து போவதுதான் நாய்க்கு உள்ளபடியே கடினம். கம்புக்குக் கம்பு 60 சென்டிமீட்டர். முதல் கம்பு நாயின் இடது தோள் பக்கம் வரும்படி நுழைய வேண்டும். ஒன்றைக்கூட விடாமல் முடிக்க வேண்டும். எந்த நாயும் இயல்பாக இதைச் செய்யாது. நேர்வழி இருக்கும்போது வளைந்து போவது மனிதப் பழக்கம். ஆறு ஆறு கம்புகளாக இரண்டு வரிசை நட்டு, நடுவில் சந்து விட்டு, நேராக ஓட விடுங்கள். தினமும் இரண்டு வரிசையையும் ஒரு விரற்கடை நெருக்கிக்கொண்டே வாருங்கள். ஒருநாள் சந்து மூடி ஒரே வரிசையாகிவிடும். நாய் தன்னை அறியாமல் நெளிந்துகொண்டிருக்கும். பொறுமை வேண்டும். அவசரப்பட்டு ஒரே நாளில் ஒரு சாண் நெருக்கினால் நாய் வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்து ஈரல் கேட்கும். அதன் கணக்கில் அது எல்லாக் கம்பையும் கடந்துதான் வந்திருக்கிறது.

இந்த இடத்தில் தெருநாய் ஒன்று எங்கிருந்தோ வந்து எல்லாத் தடையையும் ஒரே மூச்சில் தாண்டிக் காட்டி உங்கள் நாயை வெட்கப்படுத்தும் என்று எதிர்பார்ப்பீர்கள். அப்படி நடக்காது. அது பூவரச மர நிழலில் படுத்துக்கொண்டு, நீங்கள் சிந்தும் ஈரலை மட்டும் கவனிக்கும்.

அடுத்தது மஞ்சள். ஏ ஃப்ரேம் என்பது இரண்டு பலகைகளைக் கூரையாகச் சாய்த்தது; உச்சி 1.70 மீட்டர். டாக் வாக் என்பது நெஞ்சுயர ஒற்றைப் பலகைப் பாலம். இவற்றின் அடிப்பகுதியில் வேறு நிறம் பூசியிருக்கும், பெரும்பாலும் மஞ்சள். ஏ ஃப்ரேமில் 106 சென்டிமீட்டர், மற்றவற்றில் 90. இறங்கும்போது ஒரு பாதமாவது அந்த நிறத்தில் பட்டாக வேண்டும். உச்சியிலிருந்து பாய்ந்து நாய் தோளை உடைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக வைத்த விதி. நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. மஞ்சளும் நீலமும் நன்றாகத் தெரியும். ஆகவே மஞ்சள் நல்ல தேர்வு என்று வெளிநாட்டில் நினைத்துவிட்டார்கள். அவர்கள் வெள்ளிக்கிழமை காலையில் நம் தெருப் பக்கம் வந்து பார்த்ததில்லை.

பழக்கும் முறை எளிது. நாய் இறங்கி வரும்போது பின்னங்கால் இரண்டும் மஞ்சளிலும் முன்னங்கால் இரண்டும் தரையிலுமாக நிற்க வேண்டும். நின்றால் டிக், ஈரல். பலகையை முதலில் தரையிலேயே போட்டுப் பழக்கினால் பத்துப் பதினைந்து நாளில் நாய்க்கு மனத்தில் பதிந்துவிடும்: மஞ்சள் தெரிந்தால் நில், நின்றால் ஈரல். அதன் பிறகு வரும் முதல் வெள்ளிக்கிழமை, வாசல்நடை கழுவி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த வீடுகளின் முன்னால் உங்கள் நாய் ஒவ்வொன்றாகப் போய், பின்னங்கால் நடையிலும் முன்னங்கால் கோலத்திலுமாக நிற்கும். அசையாது. விரட்டினாலும் அசையாது, அசையாமல் நிற்பதற்கு நீங்கள்தான் ஈரல் கொடுத்திருக்கிறீர்கள். வீட்டுக்காரம்மா "ஏ மூதி!" என்று கத்துவார். நாய் அவரை நம்பிக்கையோடு அண்ணாந்து பார்க்கும். நீங்கள் ஓடிப்போய் முதல் வீட்டில் மன்னிப்பும் நாய்க்கு ஈரலும் கொடுப்பதற்குள் அது மூன்றாவது வீட்டுக்குப் போயிருக்கும்.

வீட்டு நடையாவது பரவாயில்லை. மதுரை ரோட்டில் கறுப்பும் மஞ்சளுமாக வேகத்தடை போட்டிருக்கும் இடங்களை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டை பஸ் டிரைவருக்கு இந்த விதிகள் தெரியாது. அங்கே கயிறில்லாமல் போகவே கூடாது. நிறத்தை நீலத்துக்கு மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். ஆனால் உங்கள் தெருவில் நீலக் கலர் பிளாஸ்டிக் குடம் வரிசையில் நிற்கும் தண்ணீர்க் குழாய் இல்லை என்றால் மட்டும்.

சீசா என்னும் ஏறியிறங்கும் பலகைக்குச் சாரப் பலகையும் நடுவில் ஒரு தாங்கலும் போதும். தாங்கல் 60 சென்டிமீட்டர் உயரம். ஒரு கிலோ எடையைப் பலகையின் மறுபாதி நடுவில் வைத்தால் சில நொடிக்குள் தரை தொட வேண்டும் என்பது விதி. பலசரக்குக் கடை உப்புப் பாக்கெட் ஒன்று சரியாக இருக்கும். நாய்க்குப் பயம் பலகை சாய்வதில் இல்லை, தரையில் விழும் ‘டொம்’மில். அந்தச் சத்தத்துக்கு முதலில் பழக்குங்கள். தீபாவளிக்குக் கட்டிலடியில் ஒளியும் நாய் என்றால் இதை மாசக்கணக்கில் செய்ய வேண்டும்.

தண்டனைகளையும் தெரிந்துகொள்ளலாம். கம்பு விழுந்தால் 5. தடை முன்னால் நாய் நின்றுவிட்டால் 5. மஞ்சளை மிதிக்காவிட்டால் 5. மூன்றாம் முறை மறுத்தால் வெளியேற்றம். கையில் ஈரல், பொம்மை எதுவும் இருக்கக் கூடாது. நாய் களத்தைவிட்டு ஓடினாலும் வெளியேற்றம், களத்துக்குள்ளேயே ஒன்றுக்கோ இரண்டுக்கோ போனாலும் வெளியேற்றம். நம் நாய்க்கு நட்டு வைத்த கம்பு எதற்கு என்று தெளிவான கருத்து இருக்கிறது என்பதால் காலையிலேயே எல்லாவற்றையும் முடித்துக் கூட்டிப் போவது உத்தமம்.  

இத்தனையும் ஆன பிறகு போட்டிக்குப் போக வேண்டும் என்று தோன்றலாம். நாயின் வம்சாவளியைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா சென்னையில் இருக்கிறது. நாயின் தோலுக்கடியில் மைக்ரோசிப் வைத்த பிறகுதான் பதிவு. நம் பக்கத்துக் கண்காட்சிகளில் பெரும்பாலும் நிறுத்தி வைத்துப் பல்லைப் பார்ப்பார்கள், நடக்கவிட்டு நடையைப் பார்ப்பார்கள். தாண்ட விடுகிறார்களா என்று முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். சென்னைக்குப் போகும் பொதிகை எக்ஸ்பிரஸ் நம்மூரில் நிற்கும். ரயில்வே விதிப்படி ஏசி முதல் வகுப்பில் கூப்பே முழுவதையும் உங்கள் பேரிலேயே பிடித்தால் நாய் உங்களோடு படுத்துக்கொண்டு வரலாம். இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க் கூண்டு. சின்ன வாசல், இருட்டு. குழாயில் பழகிய நாய் சொல்லாமலே உள்ளே போய்விடும், பிளாட்பாரத்தில் எல்லோரும் மெச்சுவார்கள். எழும்பூரில் அதை வெளியே வரவைக்க மண்டியிட வேண்டியிருக்கும். அதற்கான ஈரலைத் தனிப் பொட்டலமாகக் கட்டிக்கொள்ளுங்கள். எழுந்திருக்கக் கைகொடுக்க மகனை பெங்களூரிலிருந்து வரச் சொல்லுங்கள்.